எங்கள் வீட்டு மூன்று விசில்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். அச்சடித்து வருகிற எதையும் சட்டென்று நம்ப மாட்டேன். மசாலா பாக்கெட் மேல் 'அசல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். அசலாக இருப்பவன் அதை எதற்கு முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறான்? சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தேன். மீட்டரில் முள் எங்கே நின்றாலும் விரலால் இரண்டு தட்டு தட்டுவேன், அப்புறம் குழாய்ப் பக்கம் காதைக் கொடுப்பேன். முள் என்னைப் பல தடவை ஏமாற்றியிருக்கிறது. நீராவியின் சத்தம் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மாப்பிள்ளை ரொட்டி சுடுகிறவர். கெட்ட மனுஷன் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே பேக்கரியில் மாவு பிசைந்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தப் பேக்கரியை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். மகளும் அவரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா? தட்டில் இரண்டாவது கரண்டி விழப்போகும்போதே கையை வைத்து மறைத்துவிடுவார். "போதும் அத்தை" என்பார். மாவு மூட்டையைத் தோளில் தூக்கிய மனுஷன், எங்கள் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுப்பதற்குக்கூட ஒரு நொடி தயங்குவார். மகள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் அவள் மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறி வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு நேர் எதிரே பெரிய ஆஸ்பத்திரி.

"எல்லாரும் வாங்க! ஏங்க, நீங்க முதல்ல வாங்க! ஆஸ்பத்திரி கேன்டீன்ல வீட்டுச் சமையலுக்குன்னு தனியா ஒரு அடுப்படி திறக்கிறாங்களாம். அதை நடத்த ஒரு ஆள் வேணுமாம். நிரந்தர வேலை!"

"யார் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லலப்பா. வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன்."

"ஒட்டினது யாரு?"

"அப்பா!"

போனைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை. ஆளுக்கு ஒரே ஒரு பதார்த்தம். 'உங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்து வரும் அசல் சமையலாக இருக்க வேண்டும். எங்கள் சமையலறையில், எங்கள் பாத்திரங்களில், எங்கள் கண்முன்னே சமைக்க வேண்டும்.' நேரம் ஒன்றேகால் மணி. வீட்டுப் பெரியவர்கள் வந்து, இது எங்கள் வீட்டுச் சமையல்தான் என்று சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஆறு மாதமாக எரியாத விளக்கு ஒன்று எரிந்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

"மாமா, அத்தையோட கடலைக்குழம்பு! அதைக் கெட்டியா வத்த வச்சு, ரொட்டி மாவுக்குள்ள அடைச்சு, மேல கொஞ்சம் சீரகம் தூவி அடுப்புல வச்சு எடுத்தேன்னா…"

"மாப்பிள்ளை," என்றேன். என்னதான் இருந்தாலும் மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக்கூடாது. "நீங்க சொல்றதுக்குப் பேரு குழம்பு இல்லீங்க. விபத்து."

"அப்படியில்ல மாமா. குழம்போட வாசனை…"

"குழம்புன்னா கரண்டியில எடுத்து ஊத்தணும். கடிச்சுச் சாப்பிட்டா அது குழம்பா? அசல்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான், பார்த்தீங்கல்ல?"

"நோட்டீஸ்ல போட்டா நம்ப மாட்டீங்களே?" என்று மகள் குறுக்கே வந்தாள்.

"ஒட்டினவனை நம்பல. கேட்டது நியாயம்தானே?"

மாப்பிள்ளை விடவில்லை. அன்றைக்கு அவருக்குள் ஏதோ புகுந்திருந்தது. "மாமா, அசல் அசல்னு சொல்றீங்க. நம்ம குழம்புல போடற மிளகாயே கப்பல்ல வந்ததுதான். தக்காளியும் அப்படித்தான்."

"யார் சொன்னா?"

"படிச்சேன்."

"அதான் பார்த்தேன்."

என் வீட்டுக்காரி அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "வந்தது வந்துடுச்சு, இனிமே கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்பவா முடியும்? ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க. தம்பி, ரொட்டியெல்லாம் வேலை கிடைச்சப்புறம் பார்த்துக்கலாம். நாளையிலேருந்து நான் சொல்றபடி நீங்க கடலைக்குழம்பு வைக்கிறீங்க. அவ்வளவுதான்."

அவள் மாப்பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது, என்னுடையதைத் தவிர. என்னுடையதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதும் கிடையாது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரியின் சமையலில் அளவு என்று எதுவும் இல்லை. தனியா எவ்வளவு என்று கேட்டால் "ஒரு கை" என்பாள். யார் கை என்று கேட்டால் முறைப்பாள். ஊறிய கடலை, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, வறுத்து அரைத்த பொடி, புளித்தண்ணீர், எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் கொட்டி மூடிவிடுவாள். அவள் வாயிலிருந்து வரும் ஒரே எண் மூன்று. "மூணு விசில். அதுக்கு மேல வேண்டாம், அதுக்குக் கீழயும் வேண்டாம்."

அந்தக் குக்கர் எங்கள் கல்யாணமான இரண்டாவது வருஷம் வாங்கியது. கைப்பிடி இரண்டு தடவை மாறிவிட்டது. முதல் விசிலுக்குள் அவள் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்துவிடுவாள். இரண்டாவதுக்குள் வீட்டைப் பெருக்கி முடிப்பாள். மூன்றாவது விசில் வரும்போது குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக் குக்கர் சும்மா நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தும். "மட்டமான சாமான், எப்பப் பார்த்தாலும் கூப்பாடு" என்பாள். முப்பது வருஷமாக இதைச் சொல்கிறாள். நானும் முப்பது வருஷமாகத் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த வாரம் ஐந்து நாள் கடலைக்குழம்பு. முதல் நாள் உப்பு தூக்கல். இரண்டாம் நாள் புளி தூக்கல். மூன்றாம் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள், கடலை நாக்கில் பட்டதும் வெண்ணெயாகக் குழைந்தது. சாறு சோற்றை விட்டு ஓடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. நான் பேசாமல் தட்டை இன்னொரு தடவை நீட்டினேன்.

"அம்மா! அப்பா ரெண்டாந்தடவை கேட்டுட்டார்!" என்று மகள் கத்தினாள். "ஏங்க, உங்களுக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்!"

"கத்தாதே, பசி," என்றேன்.

மாப்பிள்ளை கரண்டியோடு நின்றபடி சிரித்தார். அன்றைக்கு அவர் தட்டிலும் இரண்டாவது கரண்டி விழுந்தது. கை மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கெல்லாம் நாங்கள் நான்கு பேரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தோம். மாப்பிள்ளை விடியும் முன்னே எழுந்து தனக்காக ஒரு ரொட்டியும் சுட்டிருந்தார். மகள் அதைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்திருந்தாள். "அது எதுக்கு?" என்றேன். "பசிச்சா சாப்பிடப்பா. அதுக்குக்கூடவா சாட்சி வேணும்?" என்றாள்.

சமையலறை பெரிது. தரையெல்லாம் ஓடு, சுவரெல்லாம் தகடு. நான்கு அடுப்பு, நான்கு புத்தம்புதுக் குக்கர், முகம் பார்க்கலாம் போல. சமைக்கிறவரைத் தவிர யாரும் தாண்டக்கூடாது என்று தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். பரீட்சை தொடங்குவதற்கு முன்னாலேயே நான் ஒரு தடவை தாண்டினேன். அடுப்புக் குழாயை மோந்து பார்த்தேன், குக்கர் வெயிட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?" என்றார் ஒரு அம்மா. தலையில் வலைத்தொப்பி, கையில் கடிகாரம். அவர்தான் கேன்டீன் மேலாளர்.

"சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"எல்லாம் சரியா இருக்கு."

"அதை நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

என் வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்து என்னைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். மேலாளர் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் நின்றார். சமையலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவராம். மேலாளரோடு சேர்ந்து அவரும் ருசி பார்ப்பார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எதுவும் பிடிக்காத ஆள். எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

மணி அடித்ததும் மாப்பிள்ளை பறந்தார். என்ன கை அது! வெங்காயம் வதங்கும் வாசனை, பூண்டு, பொடி வறுபடும் வாசனை. பக்கத்து அடுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் மணியில் எல்லாவற்றையும் கொட்டிக் குக்கரை மூடி வெயிட்டைப் போட்டார். திரும்பி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். மகள் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் அருகே வந்தார். "கடலை வேகறதுக்கு முன்னாடியே புளியை ஊத்திட்டீங்களா?"

"எங்க வீட்டுப் பழக்கம் சார்."

"புளி பட்டா கடலை லேசுல வேகாதே?"

"எங்க குக்கர்ல வேகும்!" என்று என் வீட்டுக்காரி இந்தப் பக்கத்திலிருந்து பதில் கொடுத்தாள். "முப்பது வருஷமா வேகுது!"

அவர் குறித்துக்கொண்டார். அப்போதுதான் முதல் விசில் வந்தது.

என் காது நிமிர்ந்தது. இவ்வளவு சீக்கிரமா? துணி காயப்போடும் நேரம் எங்கே? ஒரு வாளித் துணியை நனைக்கக்கூட இந்த நேரம் பற்றாதே! நான் யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது.

"மூணு! நிறுத்துங்க தம்பி!" என்றாள் வீட்டுக்காரி.

அவர் நிறுத்தினார். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். கரண்டியில் ஒரு கடலையை எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை. நழுவித் தரையில் விழுந்து டிக் டிக் என்று உருண்டு, மஞ்சள் நாடாவைத் தாண்டி என் செருப்பில் வந்து முட்டியது. குழம்பு தண்ணீராக அலம்பியது.

"அத்தை… மூணுதானே?"

"மூணுதான் தம்பி! மூணேதான்!"

மகளின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. வலித்தது. எனக்கு வந்ததே கோபம்! "குக்கர் சரியில்ல! வெயிட்டுல எடை குறைச்சிருக்கீங்க! ஏமாத்துற வேலை! அப்பவே பார்த்தேன் நான்!"

"எல்லாருக்கும் ஒரே குக்கர்தான் பெரியவரே," என்றார் மேலாளர். "பக்கத்து அடுப்பைப் பாருங்க."

பார்த்தேன். பார்த்தேன் என்ன, கேட்டேன். பக்கத்து அடுப்பில் ஒரு அம்மா விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு. அதற்கடுத்த அடுப்பிலும் அதே இடைவெளி, அதே சத்தம். எங்கள் பக்கத்து வீட்டுக் குக்கர் மாதிரி. மேல் வீட்டுக் குக்கர் மாதிரி. ஊரில் இருக்கிற எல்லாக் குக்கரையும் போல.

எங்களுடையது மட்டும்தான் அப்படிக் கத்தாது. உஸ் என்று ஒரு சத்தம் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு விசில்.

 அந்தக் குக்கர் வாங்கிய வாரம் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் வால்வு என்றாலே எனக்குப் பயம். பட்டறையில் ஒரு வால்வு அடைத்துக்கொண்டு என்ன ஆகவிருந்தது என்று பார்த்தவன் நான். எவனோ கம்பெனிக்காரன் செய்த வெயிட்டை நம்பி, புதுப் பெண்டாட்டியை அடுப்புப் பக்கம் எப்படி நிற்கவைப்பது? வெயிட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சின்ன அரம் எடுத்து, அதன் அடிவாயில் மெல்லிசாக ஒரு கீறல் போட்டேன். ஆவி உள்ளே தங்காமல் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கட்டும் என்று. சாயங்காலம் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குக்கர் கெட்டது என்ற பழி ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையிலேயே இருந்திருக்கும். என் வீட்டுக்காரிகூட என் கட்சிதான். ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அடுப்பு விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றார். சொம்பை எடுக்கத் தயங்குகிற அதே முதுகு.

"மாப்பிள்ளை!" என்று கத்தினேன். நான்கு அடுப்பும் திரும்பின. "தப்பு உங்க மேல இல்ல! அத்தை மேலயும் இல்ல! நம்ம வீட்டு வெயிட்டை நான் அரத்தால அறுத்து வச்சிருக்கேன். அதுல ஆவி கசியும். நம்ம வீட்டு மூணு விசில்னா ஊர்ல பன்னிரண்டு பதிமூணு!"

 அடுத்த வெடி என் பக்கத்திலிருந்து வந்தது.

"என்னது?" என்றாள் என் வீட்டுக்காரி. "எப்போ?"

"வாங்கின வாரம்."

"வாங்கின வாரமா! முப்பது வருஷமா அந்த உஸ்ஸுங்கிற சத்தத்துக்கு நான் ரப்பர் வளையத்தை மாத்திக்கிட்டிருக்கேன்! வருஷத்துக்கு ரெண்டு! கடைக்காரன்கிட்ட சண்டை வேற போட்டிருக்கேன்!"

"அவனும் ஒண்ணும் யோக்கியன் கிடையாது."

"நீங்க பேசாதீங்க!"

"பேசித்தான் ஆகணும். அம்மா, எவ்வளவு நேரம் இருக்கு?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "முப்பத்தெட்டு நிமிஷம்."

"மாப்பிள்ளை, மூடுங்க! வெயிட்டைப் போட்டுப் பெரிய தீ வையுங்க. முதல் விசில் வந்ததும் நான் சொல்ற மாதிரி குறைக்கணும்."

"பெரியவரே, கோட்டைத் தாண்டக்கூடாது."

"கால் தாண்டலீங்க. வாய்தான் தாண்டுது. அதுக்கு நாடா ஒட்டலையே?"

மேலாளர் மூக்குக்கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? நான் பாய்லரை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று அடுப்பு விசிலுக்கு நடுவே எங்கள் குக்கரின் மூச்சை மட்டும் பிரித்துப் பிடித்தேன்.

"குறைங்க. இன்னும். இன்னும்… ரொம்பக் குறைச்சுட்டீங்க, ஏத்துங்க! அரை இழை! அங்கேதான். விடாதீங்க."

வெயிட் ஆடியது, கத்தவில்லை. உஸ் என்று இழுத்தது. எங்கள் வீட்டுச் சத்தம்!

"அதேதான்! அதேதான் சத்தம்!" என்று மகள் குதித்தாள். "அம்மா, கேக்குதா?"

"முப்பது வருஷமா கேட்டதுதானே," என்றாள் வீட்டுக்காரி, இன்னும் கோபமாக. ஆனால் அவளும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, சத்தம் தடிக்குது!"

"கேட்டுட்டேன். ஒரு மயிரிழை குறைங்க. ஆங்!"

பக்கத்து அடுப்பு அம்மா தன் குழம்பைக் கிளறுவதை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள். மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, கை மட்டும் அடுப்புத் திருகை விட்டு நகரவில்லை. அரை இழை என்று நான் சொன்னால் அரை இழைதான் திரும்பியது. என் கூட வேலை செய்தவர்களில்கூட இப்படி ஒரு கை கிடையாது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

பத்து நிமிஷம் இருக்கும்போது நிறுத்தச் சொன்னேன். ஆவி அடங்க ஐந்து நிமிஷம். மூடி திறந்தது. கடலையை நசுக்கினார். வெண்ணெய்!

மகள் கை தட்டினாள். நான் தட்டவில்லை. எனக்கு இன்னொரு விஷயம் உறைத்துவிட்டது. எங்கள் குக்கரில் ஆவி கசிந்து கசிந்து தண்ணீர் வற்றிவிடும். இதில் அவ்வளவு கசியவில்லை. கடலை வெந்துவிட்டது, குழம்பு ரசமாக நின்றது. வற்ற வைக்க நேரம் இல்லை.

மாப்பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டார். ஒரு நொடிதான் யோசித்தார்.

"ரொட்டியைத் தூக்கிப் போடு!" என்றார் மகளிடம்.

அவள் பையிலிருந்து துணி மூட்டையை எடுத்து நாடாவுக்கு மேலே வீசினாள். அவர் ஒரு கையால் பிடித்தார். மேல்தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த வெள்ளைச் சதையை உள்ளங்கையில் உதிர்த்துத் தூவிக் கொதிக்கவிட்டார். மரக்கரண்டியால் இரண்டு சுற்று. மூன்று சுற்று. குழம்பு கரண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. மணி அடித்தது.

மூக்குக்கண்ணாடிக்காரர் நேராக என்னிடம் வந்தார். "பெரியவரே, நீங்கதான் சாட்சி. ரொட்டி உங்க வீட்டுக் குழம்புல உண்டா?"

மகள் என் முதுகில் கிள்ளினாள். வீட்டுக்காரி செருமினாள். எனக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"இல்லீங்க. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"அப்ப இது அசல் இல்லையே? காலங்காலமான்னுதானே நோட்டீஸ்ல இருக்கு?"

"நானும் அதைத்தான் இந்த ஒரு வாரமா வீட்ல கத்திக்கிட்டிருந்தேன்," என்றேன். "இப்பச் சொல்லுங்க, எது அசல்? இவளோட அம்மா மண்சட்டியில வச்சாங்க, விசிலே கிடையாது. இவ குக்கர்ல வச்சா. அந்தக் குக்கரை நான் அறுத்தேன். அறுத்த குக்கர்ல வந்த ருசியைத்தான் நாங்க அசல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம். சட்டிக்காரங்க வந்து பார்த்தா, இவளையே வெளிய அனுப்புவாங்க. நீங்க எந்த வருஷத்துல கோடு போடறீங்கன்னு சொல்லுங்க, நாங்க அந்தப் பக்கம் போய் நின்னுக்கறோம்."

"அப்படின்னா எதை வேணா எதுலயும் போடலாமா?"

"அதெப்படிப் போடலாம்? வாயில வச்சுப் பார்த்துட்டுத் துப்பற மாதிரி இருந்தா போடக்கூடாது. சாப்பிட்டுப் பாருங்க. துப்பினீங்கன்னா நாங்க போயிடறோம்."

மேலாளர் அதற்குள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டார். இன்னொரு கரண்டியும் எடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க தினம் முந்நூறு பேர் சாப்பிடணும். உங்க மாமனார் தினமும் வந்து கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரா? நாளைக்கும் இதே ருசி வருமா?"

அதுதான் கேள்வி. 

மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்தார். குரலில் தயக்கமே இல்லை. "வரும்மா. விசில் கணக்கெல்லாம் இனி வேண்டாம். ரெண்டு தடவையும் மூடினதுலேருந்து நிறுத்தின வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். முதல்ல வச்ச மூணு விசிலுக்குப் பத்து நிமிஷம், மறுபடி விசில் வர நாலு, சின்னத் தீயில இருபத்திரண்டு. நாளைக்குத் தண்ணி அரைப்பங்கு குறைச்சு வச்சா ரொட்டியும் வேண்டியதில்ல. ஆனா நான் போடுவேன். இப்ப ருசி பார்த்தேன், போடறதுதான் நல்லாயிருக்கு. பன்னிரண்டு வருஷம் நிமிஷத்தை நம்பித்தான் ரொட்டி எடுத்தேன். ஒரு நிமிஷம் தவறினா கருகிடும். கருக விட்டதில்ல."

எண்ணிக்கொண்டிருந்தாராம்! நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க!

மேலாளர் தலையசைத்தார். மற்ற மூன்று அடுப்பையும் ருசி பார்த்தார். பக்கத்து அம்மாவின் குழம்பு நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு மகள் சொன்னாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பத்து நிமிஷம் கழித்து மேலாளர் எங்கள் அடுப்பு முன்னால் வந்து நின்றார்.

"திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. நிமிஷக் கணக்கை எழுதிக் கொண்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன்." என்னைப் பார்த்தார். "பெரியவர் எங்க குக்கர் வெயிட்டைத் தொடக்கூடாது."

மகள் மஞ்சள் நாடாவைத் தாண்டி ஓடினாள். என் வீட்டுக்காரி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். குக்கரைப் பற்றி, ரப்பர் வளையத்தைப் பற்றி, நான் அவளிடம் சொல்லாமல் விட்ட வேறு என்னென்னவோ பற்றி. நானும் நாடாவைத் தாண்டினேன். இப்போது யாரும் தடுக்கவில்லை. அடுக்கி வைத்திருந்த தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போய் நின்று, மாப்பிள்ளை முன்னால் நீட்டினேன்.

அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். கரண்டியால் அடியைச் சுரண்டினார். முகம் சிவந்துவிட்டது.

"மாமா… தீர்ந்துடுச்சு."

திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக்காரர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, நாங்கள் பிய்த்துப் போட்ட ரொட்டித் தோலால் தன் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்.

"அசல் இல்லைன்னாரே அந்த ஆளு!" என்றேன்.

"சாப்பிட்டுப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மகள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மூன்று மாடி ஏறி, செருப்பைக் கழற்றியதும் மாப்பிள்ளை நேராக அடுப்பங்கரைக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. மேல்தட்டிலிருந்து பழைய குக்கரை அவரே எடுத்தார். வெயிட்டைக் கையில் வைத்துத் திருப்பி, அடிவாயில் இருந்த கீறலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாமா, ஊறின கடலை இன்னும் ஒரு கிண்ணம் இருக்கு. வைக்கட்டுமா?"

"வையுங்க. எத்தனை நிமிஷம்?"

"இதுலயா?" என்றார். "இதுல மூணு விசில்."